சம்பந்தியின் நான்கு எல்லைகள்

மாப்பிள்ளை பகுதிக்குக் குறை சொல்லக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அவர்கள் வீட்டுச் சொதியில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்ல ருசி" என்று இன்னொரு அகப்பை வாங்கி ஊற்ற வேண்டும். அப்படியிருக்க, என் மகளின் மாமனார் ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, நாடா கட்டிய மட்டைக்கோப்பு ஒன்றை மேசையில் வைத்து, "சம்பந்தி, இதுகளிலை பிழை சொல்லுங்கோ" என்றால் நான் என்ன செய்வது?

கோப்பைக் கண்டதும் ஏதோ காணி அலுவல் என்றுதான் நினைத்தேன். அவர் காணி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து ஓய்வெடுத்தவர். வலிகாமத்தில் அரைவாசிக் காணிகளின் உறுதிப் பத்திரம் தன் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று சொல்வார். நான் சோதித்துப் பார்த்ததில்லை. நாடாவை அவிழ்த்தால் உள்ளே படங்கள். வயல், கடல், பனங்கூடல், கோயில் கேணி. கனடாவிலிருக்கும் அவருடைய மூத்த மகன் போன முறை வந்தபோது நல்ல கமரா ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து மனிதர் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் என்னிடம் ஒன்றும் காட்டியதில்லை.

"எங்கடை வாசிகசாலைக் கலண்டர் இருக்கெல்லோ," என்றார். "அதிலை எனக்கு ஒரு தாள் வேணும். ஒரே ஒரு தாள்."

எங்கள் ஊர் வாசிகசாலை வருடாவருடம் ஒரு சுவர்க் கலண்டர் அடிக்கும். பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கத்துக் காட்சி ஒன்று. கீழே பொடி எழுத்தில் எந்த இடம், யாருடைய காணி என்பதும், அதற்குப் பக்கத்தில் படம் எடுத்தவரின் பெயரும் வரும். படங்களைத் தெரிவு செய்வது மூன்று பேர். அதில் முதல் ஆள் நான். ஊரில் படம் என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள், பால்குடிப் பிள்ளையும் என் வீட்டுப் படலையைக் காட்டும்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஏன் மறைப்பான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்னொருவருடைய ஸ்ரூடியோவில் இருட்டறைத் தட்டுகளைக் கழுவத் தொடங்கி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சொந்தமாக ஒரு ஸ்ரூடியோ போட்டேன். பலாலி வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் என் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மணப்பெண் படங்களைப் பார்த்துக்கொண்டு இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளின் அடையாள அட்டைப் படம் நான் எடுத்தது. படித்தது அவர்கள். நாடியை எவ்வளவு தூக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நான்.

சம்பந்தி தொடர்ந்தார். "ரெண்டு வருசம் உங்களுக்குச் சொல்லாமல் படம் குடுத்தனான். ரெண்டு வருசமும் தள்ளிப்போட்டாங்கள். அதிலை எவனோ ஒருத்தன், 'இதுக்குக் கீழை காணி விற்பனைக்கு எண்டு போடலாம்' எண்டு சொல்லிச் சிரிச்சவனாம்."

குசினிக்குள் கரண்டி ஒன்று விழுந்தது. என் மனைவிக்கு அந்த எவனோ ஒருத்தன் யாரென்று தெரியும். படங்களைத் தெரிவு செய்யும்போது பெயரை மறைத்து விடுவோம். அதனால் யாருடைய படம் என்று தெரியாமல், இரண்டு வருடமும் சிரித்துச் சிரித்து அவற்றை ஒதுக்கி வைத்தது நானேதான்.

"உது சும்மா ஆரும் கட்டின கதையாய் இருக்கும், சம்பந்தி," என்றேன்.

"இருக்கும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முப்பது வருசம் எழுதினன். எத்தினை ஆயிரம் தாள். ஒண்டிலையும் என்ரை பேர் இல்லை. எழுதினது நான், கடைசியிலை பேரும் முத்திரையும் நொத்தாரிசின்ரை. கிளாக்கரைச் சாட்சியாய்ப் போடக்கூடாது எண்டு அவருக்கு ஒரு கொள்கை. அதுதான் பாருங்கோ, ஒரு தாளிலை என்ரை பேர் கிடந்தால் போதும். நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபின் மனைவி வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, படத்தைப் பற்றி ஏதும் ஏடாகூடமாய்ச் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கு மனம் நொந்தால் மருமோன் ஒரு கிழமைக்குச் சோத்தை அளைஞ்சுகொண்டு இருப்பார். பிள்ளை என்ரை தலையிலைதான் வந்து விழும்."

மருமகன் எங்களோடுதான் இருக்கிறார். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அவள் பயம் நியாயமான பயம்.

"எனக்கோ சொல்லித் தாறாய்?" என்றேன். "ஆயிரம் பொம்பிளைக்கு மூக்குக் கோணல் எண்டதை அவளவைக்கே தெரியாமல் சொன்னவன் நான்."

அது உண்மை. மணப்பெண்ணிடம் மூக்கைப் பற்றிக் கதைக்கவே கூடாது. "அம்மாச்சி, அந்த யன்னலடிக்குக் கொஞ்சம் திரும்பும்" என்றால் முடிந்தது. குறையைச் சொல்லாதே, ஒரு வேலையைக் கொடு. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்கவில்லை. ஆனால் மூக்குக்குச் செய்தது வயலுக்கும் செய்யும் என்று நான் நம்பியதுதான் பிழை.

இரவு சாப்பிட்டபின் கோப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஒரே வியாதி. உறுதி எழுதும்போது காணியின் நான்கு எல்லையையும் எழுத வேண்டும். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருடைய காணி, மேற்கு வாய்க்கால், தெற்கு கோயில் வீதி என்று. அவர் படமும் அப்படியே எடுத்திருந்தார். நான்கு எல்லையும் விழுவதற்காகத் தூரத்தூரப் போய், மதிலில் ஏறி, ஓரிடத்தில் தண்ணீர்த் தாங்கியிலும் ஏறி எடுத்திருக்கிறார். நடுவில் வயல் ஒரு கைக்குட்டை அளவில் கிடக்கிறது. சுற்றிவரக் கிடுகு வேலி, தகர வேலி, முள்ளுக்கம்பி. பங்குக் கிணறு இருந்தால் அதுவும் ஒரு மூலையில். படத்தின் பின்பக்கம் அழகான கையெழுத்தில் எல்லை விபரம் வேறு. ஒரு படத்தில் மட்டும், "மேற்கு: எனது நிழல்" என்றிருந்தது. உண்மைதான். அவருடைய நிழல் நீட்டுக்கு விழுந்திருந்தது.

அடுத்த நாள் கதைத்தபோது, முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டுமே என்று, "சம்பந்தி, வேலியள் அந்தமாதிரி விழுந்திருக்கு. கிடுகின்ரை பின்னல் எண்ணலாம்போலை கிடக்கு" என்றேன். அதற்குப் பிறகு "வேலியைக் கொஞ்சம் விட்டிட்டு" என்று தொடங்க இருந்தேன். அவர் விடவில்லை. சந்தோசத்தில் எழும்பிப் போய்விட்டார்.

ஒரு கிழமையில் பதினான்கு வேலிப் படம் வந்தது. வேலி மட்டும். வயலும் இல்லை, வானமும் இல்லை. பூவரசம் வேலி, கிளுவை வேலி, ஒரு வீட்டுக்காரர் கட்டிலின் கம்பிச் சட்டத்தை நட்டு வைத்த வேலி. அதிலே ஒரு படத்தில் வேலிக்கு மேலால் ஒரு மனிசி அகப்பையோடு எட்டிப் பார்க்கிறா. தன் வேலியை ஏன் படம் எடுக்கிறார், ஏதும் வழக்குப் போடப் போகிறாரோ என்ற பயம் அவ முகத்தில் அப்படியே விழுந்திருந்தது. பதினான்கிலும் அதுதான் திறமான படம்.

மனைவி பார்த்துவிட்டு, "நீங்கள் சொல்லிக் குடுத்ததோ?" என்றாள். நான் படங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

பொய்யாகப் புகழ்ந்தால் அந்தப் பொய்யே வளரும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் சரிவரும் என்று, ஒரு சனிக்கிழமை அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போனேன். கடலுக்குக் கொண்டுபோனதற்குக் காரணம் உண்டு. கடலில் வேலி இல்லை.

மனிதர் கரையில் இறங்கி நின்று அங்கும் இங்கும் பார்த்தார். கமராவைத் தூக்கினார், இறக்கினார். காணாமல்போன பொருளைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"கிழக்கை துறைமுகம்," என்றார். "மற்றப் பக்கம் பழைய சீமெந்துத் தொழிற்சாலை. தெற்கை ரோட்டு. வடக்கை?"

"வடக்கை இந்தியா."

எட்டி எட்டிப் பார்த்தார். "தெரியேல்லையே."

"தெரியாது. கப்பலேறிப் போனால் தெரியும்."

"அப்ப அந்தப் பக்கம் திறந்துபோய்க் கிடக்கு."

"கிடக்கட்டும் சம்பந்தி. அதுதான் கடல்."

அவருக்கு மனம் ஆறவில்லை. பின்னுக்குப் பின்னுக்குப் போய்த் துறைமுக அணையையும் தொழிற்சாலையையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போனால் உடுவிலுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். தின்ன நான் வாங்கி வந்த றோல்ஸ் பெட்டியின் மூடியைக் கிழித்து, நடுவில் நெருப்புப் பெட்டி அளவில் ஒரு ஓட்டை போட்டுக் கையில் கொடுத்தேன்.

"உதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ. உந்த ஓட்டைக்குள்ளை வராதது எல்லாம் உலகத்திலை இல்லையெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

"இருக்கிறதை இல்லையெண்டால் மறியலிலை போடுவாங்கள், சம்பந்தி."

"இது உறுதி இல்லை, படம். உறுதியிலை எல்லாத்தையும் எழுதவேணும். படத்திலை விடவேணும். எதை விடுறது எண்டு தெரிஞ்சவன்தான் படக்காரன்."

அவர் மூடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எப்பிடி, நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டமாதிரியோ?"

"ஓம். அதை விட்டபடியால்தான் முன்னுக்கு வந்தனான். நீங்கள் ஒண்டையும் விடாமல் படிச்சுத்தான் முப்பது வருசம் ஆரோ ஒருத்தன்ரை காணியை எழுதினியள்."

சொன்னபிறகுதான் மனைவியின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. சம்பந்தி மூடியைத் திரும்பத் தூக்கி ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"காணி விற்பனைக்கு எண்டு சொன்னவன் நீங்கள்தான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஊரிலை உப்பிடி நாக்கு வேறை ஆருக்குக் கிடக்கு? அதுதான் உங்களிட்டையே வந்தனான். வீட்டிலை வைச்சு நீங்கள் மரியாதை பார்த்தியள், எனக்குப் பிரயோசனம் இல்லை. இனி இப்பிடியே சொல்லுங்கோ."

அன்றைக்கு அவர் எடுத்த கடல் படமும் சரியில்லை. ஆனால் றோல்ஸ் பெட்டி மூடியை எறியாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு படம் வட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அதில் உண்மையாகவே நல்லதாக இருக்கிற ஒன்றைச் சொல்லி, அடுத்த நாளைக்கு ஒரேயொரு வேலை கொடுப்பேன். ஒன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். ஒரே நாளில் நாடியையும் இறக்கு, தோளையும் திருப்பு, சிரிக்கவும் சிரி என்றால் மணப்பெண் அழுதுவிடும். இதுவும் அனுபவம்.

"வானம் வடிவு. நாளைக்குத் தரையைக் குறையுங்கோ."

"பனையின்ரை நிழல் வடிவு. நாளைக்கு லைற் கம்பியை வெட்டுங்கோ. மின்சார சபைக்குச் சொல்லாதேங்கோ, நீங்கள் ரெண்டடி தள்ளி நிண்டால் காணும்."

அவர் இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் (அ), (ஆ) என்று பிரித்து எழுதி, ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுவந்து என்னிடம் கையெழுத்து வாங்குவார். ஏன் கையெழுத்து என்று கேட்டேன். "நாளைக்கு நீங்கள் மாறிச் சொன்னால்?" என்றார்.

ஒருநாள் அவர் அனுப்பிய கடல் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. "சம்பந்தி, கடல் ஒழுகுது. இடப்பக்கம் ஒரு வாளி வையுங்கோ" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. "கடல் நேராய்த்தான் கிடக்கு. உங்கடை கழுத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

பெரிய சண்டை வந்தது நேரத்தைப் பற்றித்தான். அவருடைய படங்கள் எல்லாம் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எடுத்தவை. அவர் வேலைபார்த்த கந்தோர் நேரம். அந்த வெயிலில் நிழல் எல்லாம் மரத்தின் காலுக்குள் ஒளித்துக்கொள்ளும். வயல் வெளுத்துத் துவைத்த வேட்டி மாதிரிக் கிடக்கும். விடிய ஆறு மணிக்குப் போங்கள் என்றேன்.

"வெளிச்சம் நல்லாய் வந்தாப் பிறகுதானே எடுக்கவேணும்?"

"வெளிச்சம் நல்லாய் வந்தாப் பிறகு அது வெளிச்சம் இல்லை, வெயில்."

"நான் சீவியத்திலை ஒன்பது மணிக்கு முந்தி ஒரு அலுவலும் தொடங்கினதில்லை."

"அப்ப கலண்டரிலை ஒன்பது மணிக்கு முந்தின தாள் எல்லாம் எனக்கு," என்றேன். அதில் அர்த்தம் இல்லை. ஆனாலும் அவருக்குக் குத்தியது. இரண்டு நாளில் விடிய எழும்பத் தொடங்கினார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "என்ன மருந்து குடுத்தனீங்கள் மனிசனுக்கு, கோழிக்கு முதல் எழும்பித் திரியுது" என்று கேட்டாராம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. படங்கள் கொடுக்கும் கடைசி நாளுக்கு ஒரு கிழமை இருக்கிறது. சம்பந்தியின் கையில் இருந்தது பரவாயில்லை என்று சொல்லக்கூடிய இரண்டு படம். பரவாயில்லை என்பது கலண்டரில் வராது. அவருக்கும் அது தெரியும். கதைக்கும்போது குரலில் துள்ளல் குறைந்திருந்தது. "இந்த வருசமும் சரிவராட்டில் கமராவைத் திருப்பி அனுப்பிப்போடுவன், சம்பந்தி. எழுபதை நெருங்கியாச்சு, பிறகென்ன," என்று ஒரு முறை சொன்னார். நான் அதற்குப் பகிடி விடவில்லை.

ஐந்தாம் நாள் விடிய மழை விட்டது. நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது போனில் சத்தம் வந்தது. திறந்து பார்த்தேன். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

வயல் முழுக்க வெள்ளம். வரம்பு ஒன்றும் தெரியவில்லை. ஒரே தண்ணீர், அதில் விடிகிற வானம் முழுவதும் இறங்கிக் கிடக்கிறது. இடப்பக்க ஓரத்தில் ஒற்றைப் பனை ஒன்று. அதன் தலைகீழ் நிழல் தண்ணீருக்குள் நீண்டு வந்து, பாதியில் ஒரு சின்ன அலையில் நெளிகிறது. அவ்வளவுதான். வேலி இல்லை, கிணறு இல்லை, கம்பி இல்லை. பார்த்தால் மூச்சை மெதுவாக விட வேண்டும் போலிருந்தது.

அடுத்ததாகச் செய்தி வந்தது. "மன்னிக்கவும் சம்பந்தி. வரம்பெல்லாம் தண்ணிக்குள்ளை. எல்லை ஒண்டும் விழேல்லை. வெள்ளம் வடியத் திரும்ப எடுக்கிறன்."

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். என் மனத்துக்குள் ஒரு எறும்பு கடித்தது. கலண்டரின் முதல் தாள், தை மாதத் தாள், வருடாவருடம் என்னுடைய படம். ஒருவரும் தந்ததில்லை, நானாகவே எடுத்துக்கொண்டது. இந்தப் படம் வந்தால் அந்தத் தாள் போய்விடும் என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. "ஓம், திரும்ப எடுங்கோ" என்று இரண்டு சொல் எழுதினால் போதும். வெள்ளம் வடிய அவர் போய் வரம்பும் வேலியுமாக எடுத்து வருவார். எழுதவும் தொடங்கினேன். "ஓம்" வரைக்கும் எழுதினேன். பிறகு அழித்துவிட்டு அவருக்கு அழைப்பெடுத்தேன்.

"சம்பந்தி, திரும்ப எடுக்காதேங்கோ."

"அவ்வளவு மோசமோ?"

"கமராவைப் பூட்டிப்போட்டு நேரை இஞ்சை வாங்கோ. வழியிலை விழுந்துகிழுந்து போகாதேங்கோ. நீங்கள் விழுந்தாலும் பரவாயில்லை, கமரா விழக்கூடாது."

"பிழையைச் சொல்லுங்கோவன்."

"பிழை ஒண்டும் இல்லை."

"உங்களுக்கு உடம்பு சுகமில்லையோ?" என்று கேட்டார்.

தெரிவு செய்கிற கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் நடந்தது. நான், வாசிகசாலைச் செயலாளர், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் ரீச்சர். மூன்று பேர்தான். பெயர்களை மறைத்திருந்தாலும் ஒரு படம் யாருடையது என்று எனக்குத் தெரியும் என்றும், அது என் சம்பந்தியுடையது என்றும், நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லவே எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது.

ரீச்சர் படங்களைப் பரப்பி வைத்து, வெள்ளப் படத்தைத் தனியாக எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது தைக்கு" என்றார். என் படத்தைத் தூக்கி ஆவணிக்குள் வைத்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

செயலாளர்தான் குழப்பினார். படத்தைக் கிட்ட எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது உந்தத் தமையன் தம்பி வயலெல்லோ?" என்றார்.

பார்த்தால் அதேதான். பக்கத்துப் பக்கத்து வயல்காரரான இரண்டு சகோதரர். நடு வரம்பு யாருடையது என்று கோட்டில் வழக்கு நடக்கிறது. அந்தப் பனை அந்த வரம்பில்தான் நிற்கிறது.

"ஒவ்வொரு தாளிலையும் ஆற்றை காணி எண்டு போடுறனாங்கள். இதிலை தம்பியின்ரை எண்டு போட்டால் தமையன் வந்து வாசிகசாலைக்குப் பூட்டுப் போடுவார். தமையன்ரை எண்டு போட்டால் தம்பி கலண்டரைக் கோட்டிலை கொண்டுபோய்க் காட்டுவார். எங்களுக்கு ஏன் சோலி. படம் வடிவுதான். விடுவம்."

விடுவம் என்ற சொல்லை நான்தான் ஊரெல்லாம் படிப்பித்துத் திரிந்தவன். அன்றைக்கு அது என் காதில் இறங்கியவிதம் எனக்குத்தான் தெரியும். ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்றவன் எழும்பி, "எடுத்தவரையே கூப்பிட்டுக் கேப்பம்," என்றேன்.

சம்பந்தி பத்து நிமிடத்தில் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சேட்டும் வேட்டியும். கோட்டுக்கு வருகிறவர் மாதிரி. செயலாளர் படத்தை நீட்டினார்.

"ஐயா, அந்த உறுதியள் நீங்கள் எழுதினதெண்டு ஊருக்கே தெரியும். வரம்பு ஆற்றை, பனை ஆற்றை எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அதைப் போட்டுவிடுவம். பிறகு கேள்வி வந்தால் நீங்கள்தான் பதில் சொல்லவேணும்."

சம்பந்தி படத்தைக் கையில் வாங்கினார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பரப்பு, குழி, எத்தனை பனை, எந்தப் பனை வடலி என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்தக் காணித் தகராறு என்றாலும் ஊர் முதலில் அவரிடம்தான் வரும். அவருக்கு இருக்கிற பெயரே அதுதான். அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அந்த வழக்கு முழுவதும் அவர் தலையில் விழும், சொல்லாவிட்டால் படம் போய்விடும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றார்.

செயலாளர் சிரித்தார். "உங்களுக்கோ தெரியாது?"

"படத்தைப் பாரும் தம்பி. வரம்பு எங்கை கிடக்கு? தண்ணிக்குள்ளை. கண்ணாலை காணாத எல்லையை நான் ஒருநாளும் சொன்னதில்லை, இண்டைக்கும் சொல்லமாட்டன். 'மாரி வெள்ளம்' எண்டு மட்டும் போடும். அது ஒருத்தற்றையும் இல்லை."

செயலாளர் தலையைச் சொறிந்தார். ரீச்சர், "வெள்ளத்துக்கு உறுதி முடிக்கேலாதுதானே," என்றார். அதோடு தீர்ந்தது.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "உண்மையாய் அந்தப் பனை ஆற்றை?"

அவர் சுற்றிவரப் பார்த்தார். "பனை தமையன்ரை," என்றார். "கள்ளுக்கு விட்டுக் காசு வாங்குறது தம்பி."

கலண்டர் மார்கழிக் கடைசியில் வந்தது. தை மாதத் தாளில் படமும், அதற்குக் கீழே முதலெழுத்துகளோடு அவருடைய முழுப் பெயரும். எழுத்து மிகச் சின்னது. என் கண்ணுக்கு எட்டவில்லை, அவர் வாசித்துக் காட்டினார். அன்றைக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார்.

போன கிழமை, சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு, நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். விறாந்தைச் சுவரில் கலண்டர் தொங்குகிறது. இன்னும் தை.

"சம்பந்தி, மாதம் நாலாச்சு," என்றேன். "தாளைப் பிரட்டேல்லையோ?"

"பிரட்டுவம், பிரட்டுவம். தை மாசத்துக்கு என்ன குறை."

அவர் மனைவி உள்ளே இருந்து, "மனிசன் கையை வைக்க விடுகுதில்லை. போன மாசம் கிளினிக்குப் போற நாளையும் தவறவிட்டிட்டன். இப்ப கடைக்காரன் தந்த கலண்டரைக் குசினிக்குள்ளை கொழுவித் திகதி பார்க்கிறன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் இருவரும் கதையில் இறங்கினார்கள். சம்பந்தி தேத்தண்ணிக்குச் சீனி பார்க்க உள்ளே போனார்.

நான் எழும்பிச் சுவரடிக்குப் போனேன். இந்த வீட்டில் ஆவணி வரப்போவதில்லை என்பது விளங்கிவிட்டது. ஆனாலும் அந்தத் தாளில் இருப்பதும் லேசுப்பட்ட ஆளின் படம் இல்லை. ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஏழு தாளையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினேன்.

"மெதுவாய், சம்பந்தி," என்று பின்னால் குரல் கேட்டது. "தை கிழிஞ்சுபோகும்."